மேடைக்கு அடியில் உட்கார்ந்து கேட்ட நடுவர்

காலால் தாளம் தட்டி ஆடும் ‘டேப்’ நடனத்தின் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பில் ராபின்சனை இன்று யாருக்காவது தெரிந்திருந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு மாடிப்படியால்தான் தெரிந்திருக்கும். 1935-இல் வந்த ‘தி லிட்டில் கர்னல்’ படத்தில் ஒரு பெரிய வீடு வருகிறது. குட்டி நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள், மாடிக்குப் போய்த் தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். வீட்டுப் பணியாளாக வரும் ராபின்சன், படியேறுவதற்குப் புது வழி ஒன்று காட்டுகிறேன் என்கிறார். வாத்தியம் எதுவும் இல்லை. வாயாலேயே ஒரு மெட்டை முனகிக்கொண்டு, கால்களால் தாளம் தட்டியபடி ஏறுகிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். சிறுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் கையை நீட்ட, அவர் பிடித்துக்கொள்ள, இருவரும் ஆடிக்கொண்டே மேலே போகிறார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தக் காட்சி அப்படியே ஓடவில்லை. ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியும் கைகோத்து ஆடுவதை அங்கே காட்ட முடியாது என்று கைபடும் இடங்களை வெட்டிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. ஆடியவருக்கு ஐம்பத்தாறு.

இந்தக் காட்சியை வைத்தே ராபின்சனைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, ஹாலிவுட்டில் முதன்முதலாக வெள்ளையரும் கறுப்பரும் ஜோடியாக ஆடிய காட்சி இது, வரலாறு என்று கொண்டாடுகிறது. இன்னொரு கட்சி, எசமானின் பேத்தியைச் சிரிக்கவைக்கும் விசுவாசமான வேலைக்காரன், இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்கிறது. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் இருவரும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அவர் கேட்கப்பட வேண்டிய ஆள். இது ஏதோ ரசனைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அவர் வளர்ந்த தொழிலில் தீர்ப்பு சொன்னதே காதுதான். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் 1878 மே 25 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லூதர். சின்ன வயதிலேயே தாயும் தந்தையும் இறந்துபோக, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற பாட்டி பெடிலியாதான் வளர்த்தார். லூதர் என்ற பெயர் பையனுக்குப் பிடிக்கவில்லை. தம்பிக்கு வில்லியம் என்று பெயர், அது பிடித்திருந்தது. நீ இதை வைத்துக்கொள், நான் அதை எடுத்துக்கொள்கிறேன் என்று மிரட்டிப் பெயரை மாற்றிக்கொண்டதாகக் கதை. தம்பி பிற்பாடு பெர்ஸி என்று வேறொரு பெயரைத் தேடிக்கொண்டார். பெயருக்கே அடாவடி செய்த அந்தக் குணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஐந்தாறு வயதிலேயே ரிச்மண்டின் பீர்க் கடைகள் முன்னால் ஆடிச் சில்லறை சேர்த்தார். சந்தையில் பட்டாணி உரித்தார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்றால், மேடையில் வெள்ளைக்காரப் பாடகி பாடும்போது பின்னால் நின்று ஆடும் கறுப்புச் சிறுவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் இது தனி ஏற்பாடு. பாட்டு எடுபடாவிட்டாலும் பின்னால் நிற்கும் பொடியன்கள் கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இனி நடுவர் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ‘இன் ஓல்ட் கென்டக்கி’ என்று ஒரு நாடகம் பிரபலம். அது போகும் ஊரெல்லாம் வெள்ளிக்கிழமை இரவில் நடனப் போட்டி வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவர்கள் மூன்று இடத்தில் உட்காருவார்கள். ஒருவர் மேடையின் பக்கவாட்டில் இருந்துகொண்டு தாளம் பிசகுகிறதா என்று கணக்குப் பார்ப்பார். இன்னொருவர் முன்னால், வாத்தியக்காரர்கள் இருக்கும் பக்கம். ஆட்டத்தின் அழகை அவர் பார்ப்பார். மூன்றாமவர் மேடைக்கு அடியில், இருட்டில்.

அடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆடுபவர் கறுப்பா வெள்ளையா, அழகனா அவலட்சணமா, போட்டிருப்பது பட்டுச் சட்டையா கந்தலா, சிரிக்கிறானா முறைக்கிறானா, எதுவும் தெரியாது. தலைக்கு மேலே பலகை. பலகையில் கால் விழும் சத்தம். ஒவ்வொரு தட்டும் சுத்தமாக விழுந்ததா, இரண்டு தட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா, குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாகப் பேசினவா என்பதை மட்டும் அவர் சொல்ல வேண்டும். கலைக்குத் தீர்ப்பு சொல்ல இதைவிட நேர்மையான இருக்கை எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

1900 மார்ச் 30 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிஜூ தியேட்டரில் அந்த நாடகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் ஹாரி ஸ்விண்டனை ராபின்சன் போட்டிக்கு அழைத்தார். ஸ்விண்டனுக்கு அப்போது பெரிய பெயர். ராபின்சனுக்கு வயது 21. தங்கப் பதக்கம் ராபின்சனுக்குப் போனது. நியூயார்க்கில் அவர் பெயர் அடிபட ஆரம்பித்தது அந்த இரவுக்குப் பிறகுதான்.

பெயர் கிடைத்ததும் வாட்வில் கிடைத்தது. வாட்வில் என்றால் ஒரே டிக்கெட்டில் ஏழெட்டு உருப்படிகள் கொண்ட கதம்ப நிகழ்ச்சி. சர்க்கஸ் வித்தை, நாய் வித்தை, பாட்டு, மந்திரம், நகைச்சுவை, நடனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. கீத் என்றும் ஆர்ஃபியம் என்றும் பெரிய தியேட்டர் சங்கிலிகள் நாடு முழுக்க இருந்தன. ஒரு கையெழுத்தில் நாற்பது வாரத்துக்கு வேலை. வாரம் ஓர் ஊர், நாளைக்கு இரண்டு ஆட்டமோ அதற்கு மேலோ. இருபது வருடம் அதே பத்து நிமிடத்தை ஆடிச் செதுக்கியவர்கள் உண்டு. பட்டை தீட்டுவது என்று நாம் சும்மா சொல்கிறோம். அந்தத் தொழில் அதைத் தினமும் இரண்டு முறை செய்யவைத்தது.

கறுப்பினக் கலைஞர்களுக்கு அங்கே எழுதாத விதி ஒன்று இருந்தது. தனியாக மேடையேறக் கூடாது, இரண்டு பேராகத்தான் வர வேண்டும். காரணம் கேட்டால் யாரிடமும் உருப்படியான பதில் கிடையாது. ஒரு கறுப்பு மனிதன் தனியாக, ஜோக்கர் வேடம் இல்லாமல், முழு மேடையையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதைப் பார்க்க அந்த முதலாளிகளுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே ராபின்சன் 1902 முதல் 1914 வரை ஜார்ஜ் கூப்பர் என்பவரோடு ஜோடி சேர்ந்து ஊர் சுற்றினார். அந்த நாளில் கறுப்பினக் கலைஞர்களேகூட எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு மேடைக்கு வரும் அவல வழக்கம் இருந்தது. இவர்கள் இருவரும் பூசவில்லை. சம்பளப் பேச்சில் அது எத்தனை இடத்தில் இடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு சுவாரசியமான பொய். ராபின்சனின் வாழ்நாள் மேலாளர் மார்ட்டி ஃபோர்கின்ஸ். இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பதற்குப் பத்திரிகைகள் பல காலம் எழுதிவந்த கதை இது. 1908-இல் ராபின்சன் ரிச்மண்டின் ஜெஃபர்சன் ஓட்டலில் சர்வராக இருந்தாராம். சாப்பிட வந்த ஃபோர்கின்ஸின் மேல் சூப்பைக் கொட்டிவிட்டாராம். பிறகு மன்னிப்புக் கேட்கும் விதமாக ஆடிக்காட்டினாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1908-இல் ராபின்சன் கூப்பரோடு ஆறு வருடமாக மேடையில் சம்பாதித்துக்கொண்டிருந்தார். தட்டுத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. விளம்பரத்துக்காகக் கட்டிய கதை. ஒரு கறுப்புக் கலைஞனை வெள்ளை வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் அவனை முதலில் சர்வராக்கித்தான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது. சினிமாவில் அவருக்குப் பணியாள் உடை மாட்டியது போலவே பத்திரிகைக் கதையிலும் மாட்டிவிட்டார்கள்.

கூப்பரோடு பிரிந்த பிறகு ராபின்சன் தனியாக ஏறினார். விதியை உடைத்த மிகச் சிலரில் ஒருவர். நியூயார்க்கின் பேலஸ் தியேட்டர்தான் வாட்வில்காரர்களுக்குச் சிகரம். அங்கே ஆடிவிட்டால் பிறகு ஊரில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. 1918-இல் அந்த மேடையில்தான் படி நடனம் பிறந்தது என்று அவரே சொல்வார். மேடையிலிருந்து கீழே இறங்கும் படிகளுக்கு அருகே நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வணக்கம் சொல்ல ஆடிக்கொண்டே போனேன், கூட்டம் ஆர்ப்பரித்தது, அன்றிலிருந்து விடவில்லை என்பது அவர் கணக்கு. வேறொரு நாள் வேறொரு கதை சொல்வார்: இங்கிலாந்து அரசர் பட்டம் கொடுப்பதாகக் கனவு வந்தது, அதை வாங்கப் படியேறிப் போனேன் என்பார். படியில் ஆடியவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். ஆனால் படியைத் தன் சொத்தாக்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அந்த நடனத்துக்குக் காப்புரிமை கேட்டு அரசாங்கத்துக்கு விண்ணப்பமே போட்டார். நடனத்துக்கெல்லாம் தர முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

படியில் ஆடுவதில் என்ன பெரிய விஷயம்? 1932-இல் வந்த ‘ஹார்லெம் இஸ் ஹெவன்’ என்ற படத்தில் அந்த நடனத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சின்ன மரப்படி. அவர் காலில் மரத்தால் ஆன அடிப்பாகம் கொண்ட ஷூ. பிற்காலத்தில் வந்த உலோகத் தகடு அல்ல. மரத்தின் மேல் மரம் படுவதால் சத்தம் கணீரென்று இல்லாமல் உலர்ந்து, உருண்டையாக வருகிறது. வாத்தியக்காரர்கள் தாளத்தின் தொடக்கத்தில் மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மிச்ச இடமெல்லாம் அவர் காலுக்கு.

முதல் படியில் ஒரு கால் வைக்கிறார். தட்டுகிறார். அடுத்த படி, அதன் சத்தம் கொஞ்சம் வேறு. ஒவ்வொரு படிக்கும் ஒரு குரல். தரையில் ஆடும்போது ஒரே பலகையில் குதிகால், முன்பாதம், ஓரம் என்று கால்தான் ஒலியை மாற்ற வேண்டும். படியில் பலகையும் மாறுகிறது. ஆகவே ஏறினால் ஒரு வரிசை, இறங்கினால் அதே வரிசை தலைகீழ். ஒரு படியில் நின்று கீழ்ப்படியை எட்டித் தட்டிவிட்டு வந்தால் கேள்வியும் பதிலுமாக இரண்டு குரல். அவர் ஒரு சொற்கட்டை மூன்று முறை திருப்பிச் சொல்வார். காது அதற்குப் பழகிவிடும். நான்காவது முறை அதை உடைத்துவிட்டு வேறொன்றில் முடிப்பார். மிருதங்கத் தனியாவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மூன்றாவது முறையிலேயே தொடையில் கை தயாராகிவிடும்.

உடலைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. முதுகு நேராக இருக்கிறது, கைகள் தளர்வாகத் தொங்குகின்றன. கண்கள் மட்டும் அவ்வப்போது தன் காலைக் குனிந்து பார்க்கின்றன, யாரோ வேறொருவர் கீழே ஆடுவது போலவும் அதை இவர் வேடிக்கை பார்ப்பது போலவும். அவருக்கு முன்னிருந்த பல ஆட்டக்காரர்கள் பாதத்தைத் தட்டையாக வைத்து, உடலைத் தாழ்த்தி, தரையை மிதித்து ஆடினார்கள். ராபின்சன் முன்பாதத்தில் எழுந்து நின்றார். எடை மேலே போனது, சத்தம் மெலிந்து தெளிவானது, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் காற்று வந்தது. அவருக்குப் பின் வந்த தலைமுறை முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

1928-இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில், ‘பிளாக்பேர்ட்ஸ்’ என்ற நிகழ்ச்சியில் இந்தப் படியோடு வந்தார். நிகழ்ச்சி ஐந்நூறு தடவைக்கு மேல் நடந்தது. வெள்ளைக்காரப் பத்திரிகை விமரிசகர்கள் அப்போதுதான் இவரைக் கண்டுபிடித்ததாக எழுதினார்கள். அவருக்கு ஐம்பது வயது நிறைந்த மாதம் அது! நாற்பத்தைந்து வருடமாக ஆடிக்கொண்டிருந்த மனிதரைப் புதுமுகம் போல வரவேற்றார்கள்.

சரியாக அந்த நேரத்தில் வாட்வில் செத்துக்கொண்டிருந்தது. அதைக் கொன்றது சினிமா என்றால், கொலைகாரனைச் சோறு போட்டு வளர்த்ததும் வாட்வில்தான். 1896 ஏப்ரலில் எடிசனின் படக்கருவி நியூயார்க்கில் முதன்முறையாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியது ஒரு வாட்வில் அரங்கில், மற்ற உருப்படிகளுக்கு நடுவே ஓர் உருப்படியாக. அன்று திரையில் ஓடியதிலும் நடனப் பெண்கள் இருந்தார்கள். முப்பது வருடத்தில் அந்த ஓர் உருப்படி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. படம் பேசத் தொடங்கியதும், வானொலி வந்ததும், பொருளாதார மந்தம் வந்ததும் சேர்ந்து கதையை முடித்தன. பேலஸ் தியேட்டரே 1932-இல் சினிமாக் கொட்டகையாகிவிட்டது. கீத், ஆர்ஃபியம் என்ற அந்தப் பழைய தியேட்டர் சங்கிலிகளின் பெயர்கள் ஆர்.கே.ஓ. என்ற பட நிறுவனத்தின் நடு எழுத்திலும் கடை எழுத்திலும் ஒளிந்திருக்கின்றன. ராபின்சனை ஊர் ஊராக அனுப்பிய கம்பெனிதான் 1930-இல் ‘டிக்ஸியானா’ படத்தில் அவரைக் கேமரா முன்னால் நிறுத்தியது.

ஐம்பத்திரண்டு வயதில் சினிமா நடிகர். ஃபாக்ஸ் கம்பெனியில் ஷெர்லி டெம்பிளோடு நான்கு படங்கள் நடித்தார்: ‘தி லிட்டில் கர்னல்’, ‘தி லிட்டிலஸ்ட் ரெபெல்’, பிறகு 1938-இல் இரண்டு. இடையில் ‘டிம்பிள்ஸ்’ படத்துக்கு நடனம் அமைத்துக் கொடுத்தார். டெம்பிள் அவரை ‘அங்கிள் பில்லி’ என்றே கடைசிவரை அழைத்தார். தன்னைக் குழந்தையாக நடத்தாமல் சக கலைஞராக நடத்தினார் என்று பல முறை நன்றியோடு பேசியிருக்கிறார். படிக்காட்சியை மறுபடி பார்த்தால் இது புரியும். சிறுமிக்கு என்ன முடியுமோ அதை மட்டும் கொடுத்திருக்கிறார்: படியின் செங்குத்துப் பக்கத்தை ஷூ நுனியால் தட்டுவது, பிறகு ஏறுவது. சிக்கலான கணக்கெல்லாம் அவர் காலில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அவளும் அவரளவுக்கு ஆடுவது போல் ஒரு மயக்கம். பெரிய வித்வான் சிஷ்யப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசிப்பதில் இருக்கும் பெருந்தன்மை இது.

ஆனால் படங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. ‘தி லிட்டிலஸ்ட் ரெபெல்’ உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. அதில் ராபின்சன் ஓர் அடிமை, எசமானர்கள் நல்லவர்கள், அடிமைகள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெடிலியாவின் பேரன் இந்த வேடத்தில் நடித்தார். பாட்டி பட்டதை அவர் கேட்டு வளர்ந்திருப்பார். படப்பிடிப்பு இடைவேளையில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் ஊகிக்க மாட்டேன். ஊகித்தால் நான் அவருக்கு இன்னொரு வேடம் மாட்டியவனாகிவிடுவேன்.

வேடம் இல்லாத ராபின்சன் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு அதே காலத்தில் சாட்சி இருக்கிறது. 1935-இல் வந்த ‘ஹூரே ஃபார் லவ்’ படத்தில், வாடகை கொடுக்க முடியாமல் சாமான்களோடு தெருவில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல வருகிறார். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியின் மேயர் என்றே அவரை அழைக்கிறார்கள். அந்தப் பெண்ணாக வருபவர் ஜெனி லெகான் என்ற அற்புதமான இளம் ஆட்டக்காரி. உடன் பியானோக்காரர் ஃபேட்ஸ் வாலர். சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தத் தெரு முழுக்க அவருடையது. யாருக்கும் அவர் கதவு திறந்துவிட வேண்டியதில்லை. 1937-இல் ‘கஃபே மெட்ரோபோல்’ படத்துக்காக அவருடைய நடனத்தை எடுத்துவிட்டு, படம் வெளிவரும்போது தூக்கிவிட்டார்கள். அந்த வெட்டிய காட்சிகள் பிற்காலத்தில் வெளிவந்தன. அதில் அவர் நீண்ட வால் கோட்டு அணிந்த கனவான். பணியாள் உடையில் ஆடினால் படத்தில் இருக்கும், கனவான் உடையில் ஆடினால் படம் வெட்டும் அறையின் தரையில் கிடக்கும்.

அவரைப் புகழ்ந்தவர்களும் வினோதமாகவே புகழ்ந்தார்கள். 1936-இல் ஃபிரெட் அஸ்டேர் ராபின்சனுக்கு மரியாதையாக ஒரு நடனம் ஆடினார், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு. 1939-இல் எலினார் பவல் ராபின்சனின் படி நடனத்தை அவர் பெயரால் ஆடினார், அவரும் கரியைப் பூசிக்கொண்டுதான். இருவரும் மகத்தான ஆட்டக்காரர்கள், ராபின்சனை மனதார மதித்தவர்கள். முப்பது வருடம் முன்பு ராபின்சனும் கூப்பரும் பூச மறுத்த கரி அது. கேட்கும்போது பவலின் கால்கள் அபாரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடைக்கு அடியில் உட்கார்ந்த நடுவர் அவருக்கும் நல்ல மதிப்பெண்தான் போடுவார்.

மேடைக்கு வெளியே ராபின்சன் சாதுவான மனிதர் அல்ல. முன்கோபம் உண்டு, தங்கமுலாம் பூசிய துப்பாக்கி உண்டு, சூதாட்டம் உண்டு. ஐஸ்கிரீம் பைத்தியம். பின்பக்கமாக ஓடுவதில் சூரர். 100 கெஜத்தை 13.5 விநாடிகளில் பின்னோக்கி ஓடியது பல பத்தாண்டு முறியடிக்கப்படாத சாதனை. 1930-இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்த திருடனைத் துப்பாக்கியோடு துரத்தினார். வந்த போலீஸ்காரர், ஓடும் கறுப்பு மனிதரையே திருடன் என்று முடிவு செய்து அவரைச் சுட்டுவிட்டார். காயத்தோடு மேடையேறினார். அறுபத்தோராவது பிறந்த நாளன்று பிராட்வே தெருவில் ஆடிக்கொண்டே தியேட்டருக்கு வந்தார். அப்போது அவர் நடித்துக்கொண்டிருந்தது ‘தி ஹாட் மிகாடோ’. தலையிலிருந்து கால்வரை தங்க நிறத்தில் உடை, தொப்பி, ஷூ.

சம்பாதித்தது லட்சக்கணக்கில். போனது தண்ணீராக. சூதில் போனது பாதி என்றால், கேட்டவருக்கெல்லாம் கொடுத்ததில் போனது மீதி. உதவி நிதிக்கான நிகழ்ச்சி என்று யார் கூப்பிட்டாலும் ஆடினார். 1930-களில் ரிச்மண்டுக்குப் போயிருந்தபோது ஆடம்ஸ், லீ தெருக்கள் சந்திக்கும் இடத்தில் குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பதைப் பார்த்தார். நகராட்சி கறுப்பர் குடியிருப்புக்கு விளக்கு போடவில்லை. தன் பணத்தைக் கொடுத்துப் போக்குவரத்து விளக்கை நிறுவச் சொன்னார். 1973-இல் அவருக்குச் சிலை வைத்தபோது அந்தச் சந்திப்பில்தான் வைத்தார்கள், படியில் ஆடும் கோலத்தில்.

1940-களில் காற்று மாறியது. இளைய கறுப்பினத்தவர்களுக்கு ராபின்சனின் சிரிப்பு பிடிக்கவில்லை. வெள்ளையருக்குப் பல்லைக் காட்டுபவர் என்ற பேச்சு எழுந்தது. போர்க்காலத்தில் எழுந்த தலைமுறைக் கோபம் அது. அதில் நியாயம் உண்டு, நானும் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பேசியிருப்பேன். 1943-இல் ‘ஸ்டார்மி வெதர்’ வந்தது. நடிகர்கள் எல்லோருமே கறுப்பினத்தவர். ராபின்சனின் வாழ்க்கையையே தொட்டுக்கொண்டு கட்டிய கதை. கதாநாயகி லீனா ஹார்ன். நாயகனுக்கு 65 வயது, நாயகிக்கு 26. பார்க்கக் கொஞ்சம் சங்கடம்தான். படத்தின் கடைசியில் நிக்கலஸ் சகோதரர்கள் ஒரு பெரிய படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தாவி, கால்களைக் கத்தரியாக விரித்து விழுந்து, கையை ஊன்றாமல் எழுகிறார்கள். அதைப் பார்த்த எவருக்கும் ராபின்சன் நினைவில் நிற்க மாட்டார். படியிலேயே அவரை ஜெயித்துவிட்டார்கள். கண்ணுக்கு. அதுவே அவருக்குக் கடைசிப் படம்.

1949 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் இதய நோயால் இறந்தார். கையில் காசில்லை. தொலைக்காட்சிக்காரர் எட் சல்லிவன் முன்னின்று இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்தார். ஹார்லெமின் ராணுவக் கூடத்தில் உடலை வைத்தபோது ஆயிரமாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். ஹார்லெம் பள்ளிகளுக்கு அரைநாள் விடுமுறை. வேலைக்காரன் வேடத்தில் நடித்தவர் என்று யாராவது அந்தக் கூட்டத்தில் முணுமுணுத்திருந்தால் அடி விழுந்திருக்கும். புரூக்ளினில் எவர்கிரீன்ஸ் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்விண்டனை வென்ற பிஜூ தியேட்டரும் அதே புரூக்ளினில்தான் இருந்தது. 1989-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பிறந்த மே 25-ஐ டேப் நடனத்துக்கான தேசிய நாளாக அறிவித்தது.

‘மிஸ்டர் போஜாங்கிள்ஸ்’ என்ற புகழ்பெற்ற பாட்டைக் கேட்டுவிட்டு அது ராபின்சனைப் பற்றியது என்று நினைப்பவர்கள் நிறைய. போஜாங்கிள்ஸ் இவருடைய பட்டப்பெயர் என்பது உண்மை. ஆனால் பாட்டில் வருபவர் நியூ ஆர்லியன்ஸ் சிறையில் பாடலாசிரியர் சந்தித்த ஒரு தெரு ஆட்டக்காரர், வெள்ளைக்காரர். போலீஸிடம் பெயர் சொல்ல விரும்பாமல் இந்தப் பட்டப்பெயரைச் சொன்னாராம்.

பார்க்க நினைப்பவர்கள் டெம்பிள் படத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. 1932-இன் படி நடனத்தை முதலில் பாருங்கள், சில நிமிடங்கள்தான். பிறகு ‘ஹூரே ஃபார் லவ்’ தெருக்காட்சி, அதன் பிறகு 1935-இன் மாடிப்படி. ஹாலிவுட்டில் காலடிச் சத்தத்தைப் படம் எடுத்த பின் தனியாகப் பதிந்து சேர்ப்பதே வழக்கம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே காதுக்கு நிம்மதி 1932-தான். இணையத்தில் சில பிரதிகளில் பழைய ஒலியை நீக்கிவிட்டு மேலே புதுப் பாட்டை ஒட்டியிருக்கிறார்கள். அவற்றைத் தொட வேண்டாம். இவர் விஷயத்தில் ஒலியை எடுத்துவிட்டால் படி ஏறி இறங்கும் ஒரு கிழவர்தான் மிஞ்சுகிறார்.